ஆளில்லாத தீவு யாருக்கு வேண்டும்?

2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் விட்டார்கள். காணொலி வழியாகத் தொடங்கிவைத்துப் பேசிய பிரதமர், இரண்டு நாட்டுக்கும் நடுவில் பழங்காலத்திலேயே கப்பல் போய்வந்ததற்குப் பட்டினப்பாலையையும் மணிமேகலையையும் சாட்சிக்கு அழைத்தார். தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்குக் காது குளிரும் விஷயம்தான். மேடையில் தமிழ் நூலின் பெயர் அடிபட்டால் நமக்குக் கை தானாகத் தட்டும். தட்டி முடித்த பிறகாவது ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாட்சிக்கு அழைக்கப்பட்டவள் என்ன சொல்லியிருக்கிறாள் என்று யாராவது படித்துப் பார்த்தார்களா?

மணிமேகலையில் மணிபல்லவம் என்கிற தீவுக்கு மூன்று பேர் போகிறார்கள். ஆபுத்திரன் கப்பலில் போகிறான். மணிமேகலை வான்வழியே போகிறாள். புண்ணியராசன் என்கிற அரசன் மறுபடி கப்பலில் போகிறான். மூன்று பயணத்தில் ஒன்றுகூட உல்லாசப் பயணம் கிடையாது. முதலாவது போனவன் அங்கேயே செத்துப்போகிறான். இரண்டாவது போனவள் ஒரு பிச்சைப் பாத்திரத்தோடு திரும்பி வருகிறாள். மூன்றாவது போனவன் மணலைத் தோண்டி எலும்புக்கூட்டைப் பார்க்கிறான். கப்பல் கம்பெனிக்கு இது சங்கடமான சாட்சியம். அதனால்தான் அதை முழுக்கக் கேட்க வேண்டியிருக்கிறது.

1

ஆபுத்திரன் கையில் எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி. மழை பெய்து நாட்டில் பசி தீர்ந்துபோனதால் அவனுடைய பாத்திரத்துக்கு வேலை இல்லாமல் போகிறது. சாவகத்தில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். காற்று சரியில்லாமல் கப்பல் மணிபல்லவத்தில் ஒரு நாள் நிற்கிறது. இவன் இறங்குகிறான். ஏறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு இரவில் கப்பல் புறப்பட்டுப் போய்விடுகிறது.

இன்றைய விளம்பர மொழியில் சொன்னால் ஆபுத்திரனுக்கு அடித்தது யோகம். ஆளரவம் இல்லாத கடற்கரை, குறையாத சாப்பாடு, காசும் கேட்பாரில்லை. ஆனால் அவனுக்கு அது நரகமாகத் தெரிகிறது. ஊட்டுவதற்கு ஒரு வாய்கூட இல்லாத இடத்தில், பல உயிரைக் காக்கிற பாத்திரத்தைச் சுமந்துகொண்டு, தான் ஒருவன் மட்டும் தின்று உயிர்வாழ அவனால் முடியவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிரை விடுகிறான்.

ஆளில்லாத தீவு இந்தப் பிரதியில் சாவுக்குச் சமம். சுற்றுலாச் சொல்லாடலிலோ ஆளில்லாமைதான் தீவின் விலை. ஆள் எவ்வளவு குறைவோ அவ்வளவு வாடகை. இந்த இரண்டு தீவுகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. ஏனென்றால் உலகத்தில் நாம் போகக்கூடிய பல தீவுகள் நிஜத்தில் ஆளில்லாதவை இல்லை. ஆளிருந்த இடத்தை ஆளில்லாத இடமாகக் காட்டுவதற்கு யாரோ வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த வேலையில் துப்பாக்கிக்கும் பங்கு உண்டு, மொழிக்கும் பங்கு உண்டு. மொழியின் பங்கைப் பற்றிப் பேசவேண்டியது நம்முடைய பொறுப்பு.

மணிபல்லவம் எது என்கிற சண்டை தனியாக நடந்துகொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள நயினாதீவுதான் அது என்று ஒரு கட்சி, கிடையாது என்று ஒரு கட்சி. சிங்களத்தில் அதே தீவு நாகதீபம். அதைப் பற்றி மகாவம்சத்திலும் கதை உண்டு. ஒரு ஆசனத்துக்காக இரண்டு நாக அரசர்கள் சண்டையிட்டதும், புத்தர் வந்து தீர்த்துவைத்ததும் இரண்டு மொழியிலும் இருக்கின்றன. தீவு யாருடையது என்பதில் இரண்டு பக்கத்துப் பண்டிதர்களுக்கும் உள்ள அக்கறை, தீவில் இருப்பவர் சாப்பிட்டாரா என்பதில் இருந்ததில்லை. ஆபுத்திரனின் கேள்வி அந்த இரண்டாவது கேள்வி.

2

தமிழில் ‘தீவு’ என்கிற சொல்லுக்குச் சமீப காலத்து வரலாறு ஒன்று இருக்கிறது. நம் தாத்தா காலத்தில் தீவு என்றால் தண்டனை. ‘தீவாந்தர சிட்சை’ என்று கோர்ட்டுத் தமிழில் எழுதுவார்கள். அந்தமானில் கைதிகளுக்கான குடியேற்றம் 1858இல் தொடங்கியது. செல்லுலார் சிறை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. ‘அந்தமானுக்கு அனுப்பிருவாங்க’ என்று பிள்ளைகளை மிரட்டிய தலைமுறை அது. அதே அந்தமான் 1978இல் ‘அந்தமான் காதலி’ என்று சினிமாத் தலைப்பு ஆகிறது. சிறை காதலாக மாறுவதற்கு எழுபது வருஷம்தான் பிடித்திருக்கிறது.

இன்னொரு பக்கம் ‘கன்னித்தீவு’. தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய படக்கதை. எழுதப் படிக்கத் தெரிந்த தமிழர் வீட்டில் ஒருத்தராவது அதில் எழுத்துக்கூட்டிப் படித்திருப்பார். முடியாத காரியத்துக்கெல்லாம் ‘இது கன்னித்தீவு கதையப்பா’ என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். தீவு கன்னியாக இருக்கிறது. அதாவது இதுவரை யார் கையும் படாதது. இனிமேல் வருகிறவனுக்காகக் காத்திருப்பது. நிலத்தைப் பெண்ணுடலாகக் கட்டமைக்கிற ஆண் பார்வை, காலனியவாதிக்கு மட்டும் சொந்தம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் வீட்டுத் திண்ணையில் காலை காப்பியோடு அது வந்துகொண்டிருந்தது. ‘தொடப்படாத கடற்கரை’ என்று இன்றைக்கு விளம்பரம் எழுதுகிறவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

தண்டனைத் தீவுக்கும் கன்னித் தீவுக்கும் நடுவில் மூன்றாவது ஒரு தீவு உண்டு. அது கூலித் தீவு. மொரீசியசுக்கு 1834 முதல், பிஜிக்கு 1879 முதல், இலங்கைக்கு அதற்கும் முன்னாலிருந்து ஆள் ஏற்றினார்கள். பினாங்கும் இதே கணக்குத்தான். சுற்றுலாத் துண்டறிக்கைகளில் இன்றைக்கு உள்ள தீவுப் பெயர்களையும் இந்தக் கூலிக் கப்பல்கள் போன தீவுப் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒத்துப்போகும். இது தற்செயல் கிடையாது. கரும்புக்கும் தேயிலைக்குமாகக் கட்டிய துறைமுகம், ரோடு, பங்களா இவற்றின் மேல்தான் பின்னால் சுற்றுலா வந்து உட்கார்ந்தது. துரை பங்களா ‘ஹெரிடேஜ் பங்களா’ ஆனது. லயத்துக்கு அப்படிப் பெயர் மாற்றம் எதுவும் நடக்கவில்லை. அது லயமாகவே கிடக்கிறது.

இந்தக் கூலித் தீவை நவீனத் தமிழ் இலக்கியம் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டது. பாரதி ‘கரும்புத் தோட்டத்திலே’ எழுதியது பிஜியைப் பற்றி. புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’யில் மருதி போவது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு. பாரதி பிஜிக்குப் போனதில்லை. போகாமலே அங்குள்ள ஆளைப் பார்த்தார். நம் காலத்தில் போய்விட்டு வருகிறோம், ஆளைப் பார்ப்பதில்லை. பயணம் சுலபமாகிப் பார்வை மங்கிப்போன இந்த மாற்றம் எப்படி நடந்தது?

3

இலங்கைக்குப் போகிற வழியையே எடுத்துக்கொள்வோம். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். போட் மெயில் என்று பெயர். இந்த வழியைப் பற்றி ஏக்கத்தோடு எழுதப்பட்ட கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. ஒரே டிக்கெட்டில் எழும்பூரிலிருந்து கொழும்பு போகலாம் என்கிற வாக்கியம் அவற்றில் தவறாமல் இருக்கும். உண்மைதான். ஆனால் அந்த வழியில் போன பெருங்கூட்டத்துக்கு எழும்பூரும் தெரியாது, அந்த டிக்கெட்டும் தெரியாது.

அவர்களுக்கு வேறு டிக்கெட். தோட்டத்தின் எண் பொறித்த ஒரு தகரத் துண்டு. 1901 வாக்கில் தொடங்கிய முறை. அதைக் கட்டிக்கொண்டிருக்கிற ஆளை அந்தத் தோட்டத்துக்கு அனுப்பிவைப்பார்கள். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும், அங்கிருந்து அவனுடைய கடன் கணக்கில் இறங்கும். கண்டிச்சீமை போய் இறங்கும்போதே கடன்காரன். பிறகு மண்டபத்தில் தனிமைப்படுத்தும் முகாம் வந்தது. வேறு பிரயாணிகள் நேராகக் கப்பலுக்குப் போக, தோட்டத்துக்குப் போகிறவர்கள் முகாமில் நாள் கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டுப் போனார்கள். அந்த ஸ்டேஷனுக்கு இன்றைக்கும் ‘மண்டபம் கேம்ப்’ என்றுதான் பெயர். பெயர்ப்பலகையே ஒரு வரலாற்று ஆவணம். ராமேஸ்வரம் போகிறவர்கள் ஜன்னலில் பார்த்துக்கொண்டேதான் போகிறார்கள்.

முகாமின் கதை அதோடு முடியவில்லை. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. ‘கள்ளத்தோணி’ என்கிற வசவு அவர்கள் மேல் ஒட்டியது. கங்காணி கூட்டிப்போய், அரசாங்கம் சோதித்து, தகரம் கட்டி அனுப்பிய சனத்துக்குக் ‘கள்ளத்தோணி’ என்று பெயர்! 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போடவில்லை. ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி போனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. அனுப்பப்பட்டவர்கள் அதில் வந்து இறங்கி, அதே மண்டபம் முகாமுக்குத்தான் வந்தார்கள். அவர்களுக்காக நீலகிரியில் 1968இல் அரசாங்கத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் ‘சிலோன்காரங்க’ என்கிறோமே, அவர்கள்தான். அங்கே ‘இந்தியாக்காரன்’, இங்கே ‘சிலோன்காரன்’. 1983 ஜூலைக்குப் பிறகு அந்தக் கப்பலும் நின்றுபோனது. அகதிகள் மீன்பிடிப் படகில் வந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடமும் மண்டபம் முகாம்தான்.

கூலி, தாயகம் திரும்பியோர், அகதி. ஒரே முகாம், ஒரே கடல், பல சமயம் ஒரே குடும்பம். பாட்டன் தேயிலைக்குப் போனான். மகன் தோட்டத்துக் கலவரத்துக்குப் பயந்து வன்னிக்குக் குடிபெயர்ந்தான். பேரன் அகதியாக இங்கே வந்தான். இந்த வழித்தடத்தைத்தான் இப்போது ‘பண்டைய கலாச்சாரத் தொடர்பின் மறுமலர்ச்சி’ என்று பெயர் சூட்டித் திறக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கப்பல் ஞாபகத்தில் இருக்கிறது, அறுபது வருஷத்துக்கு முந்தைய கப்பல் மறந்துபோய்விட்டது. இந்த மறதி சும்மா வந்ததில்லை. பழம்பெருமை என்கிற பெருங்கதையாடலுக்குள் நேற்றைய கூலிக்கு நுழைவுச்சீட்டு கிடையாது.

4

சரி, கப்பல் எங்கே போய் நிற்கிறது? காங்கேசன்துறையில். நூற்றுப்பத்து கிலோமீட்டர், நாலு மணி நேரம். 2023இல் ஓடிய கப்பலின் பெயர் ‘செரியபாணி’. லட்சத்தீவுக்காகக் கட்டியது, 150 பேர் போகலாம். ஒரு வாரம்கூட ஒழுங்காக ஓடவில்லை, மழைக்காலம் என்று நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ என்கிற கப்பல் தனியார் கம்பெனி மூலம் ஓடத் தொடங்கியது. விமானத்தில் போகிறவர்களுக்குப் பலாலி. 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, நவம்பரில் சென்னையிலிருந்து விமானம் வந்தது.

கப்பல் துறையும் விமான நிலையமும் இருப்பது வலிகாமம் வடக்கில். 1990இல் அந்த ஊர்களிலிருந்து சனங்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறினார்கள். வீடு, தோட்டம், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. போர் 2009இல் முடிந்தது. காணிகள் துண்டு துண்டாகத்தான் திரும்பக் கிடைத்தன. மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் விடுவிக்கப்பட்டது. இன்னும் விடுபடாத காணிக்காரர்கள் இருக்கிறார்கள்.

இந்த வலயத்துக்குள் கடற்கரையோரமாக இராணுவம் ஒரு விடுதி நடத்தியது. ‘தல்செவன’ என்று பெயர். தமிழில் ‘பனை நிழல்’ என்று வரும். பெயரைப் பாருங்கள். பனை யாழ்ப்பாணத்து அடையாளம். பனை வைத்திருந்தவர் முகாமில், நிழல் விருந்தாளிக்கு. அமைதியான கடற்கரை, கூட்டம் இல்லை என்று போய்வந்தவர்கள் பாராட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. கூட்டமாக இருந்திருக்க வேண்டியவர்கள் 1990இல் வெளியேற்றப்பட்டார்கள். சுற்றுலாவின் அமைதியும் இராணுவத்தின் அமைதியும் இந்த ஒரு கடற்கரையில் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன.

ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மித்தாலஜிஸ்’ நூலில் நீலக் கையேடு என்கிற பயண வழிகாட்டியைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. அந்தக் கையேட்டில் நாடு என்றால் மலையும் தேவாலயமும்தான், மனிதர்கள் வெறும் மாதிரிகளாகச் சுருங்கிப்போகிறார்கள் என்பது அவருடைய வாதம். எல்லவில் ரயில் ஜன்னலிலிருந்து எடுக்கிற படம் அப்படித்தான் இருக்கிறது. ஒன்பது வளைவுப் பாலம், பச்சைத் தேயிலை, பச்சைக்கு நடுவில் கூடை சுமக்கிற ஒரு பெண். அவள் அந்தப் படத்தில் ஒரு நிறம். ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்காக அவள் எத்தனை வருஷம் போராடினாள், 2021இல்தான் அது கைக்கு வந்தது, அப்போதும் முழுசாக வந்ததா என்பதெல்லாம் படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

சரி, காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் நம் கரையிலிருந்து யார் யார் வருகிறார்கள்? ஒருவர் சுற்றுலாப் பயணி. அவரை மாலை போட்டு வரவேற்ற படங்கள் பத்திரிகையில் வந்தன. இன்னொருவர் ராமேஸ்வரம், நாகை, காரைக்கால் மீனவர். எல்லை தாண்டினார் என்று கடற்படை பிடித்துக் காங்கேசன்துறை முகாமுக்குத்தான் கொண்டுபோகிறது. அவருடைய படகு மயிலிட்டியில் வெயிலிலும் மழையிலும் இற்றுப்போகிறது. இதைச் சொல்லும்போது மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். நம் இழுவைமடிப் படகுகள் அறுத்தெறிந்த வலை யாழ்ப்பாணத்து மீனவனுடையது. போரால் முப்பது வருஷம் கடலுக்குப் போக முடியாமல் இருந்து, இப்போதுதான் போகத் தொடங்கியவன் அவன். இழுவைமடியை 2017இல் அந்த நாடு சட்டம் போட்டுத் தடுத்தது. தொப்புள்கொடி உறவு என்று மேடையில் பேசுகிற நாம் அந்த வலையைப் பற்றிப் பேசுவதில்லை.

மூன்றாவதாக வருகிறவர் திரும்பிப்போகிற அகதி. 2025 மே மாதம், தமிழ்நாட்டு முகாமில் பல வருஷம் இருந்துவிட்டு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் ஊர் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலியில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். அந்தக் காலத்தில் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்பது குற்றச்சாட்டு. உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் பாஸ்போர்ட் ஆபீசில் வரிசையில் நின்றுவிட்டு ஓடியிருக்க வேண்டும்போலிருக்கிறது. ஒரே துறை, ஒரே ஓடுபாதை. ஒருவருக்கு மாலை, இன்னொருவருக்குச் சிறை, மற்றொருவருக்கு வழக்கு. தீவு என்பது நிலவியல் உண்மை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது நான்கு பக்கமும் காகிதத்தால் சூழப்பட்ட நிலம் என்பதுதான் அனுபவத்தில் உண்மை.

5

இதெல்லாம் கடற்கரைக்காரர் சமாச்சாரம், நமக்கென்ன என்று கொங்குநாட்டில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. மதுக்கரைக்குக் கடல் தெரியாதுதான். பாலக்காட்டுக் கணவாயில் காற்று வரும், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரைப் பிழைக்கவைத்தது சுண்ணாம்புக்கல். 1930களிலிருந்து இங்கே சிமெண்ட் எரிகிறது. காங்கேசன்துறைக்கும் அதே கல்தான். அங்கே சிமெண்ட் ஆலை 1950இல் வந்தது, 1990இல் போரோடு நின்றது. கல்லை வெட்டிப் பிழைத்த இரண்டு ஊர். ஒன்று இருக்கிறது, ஒன்று கலைந்தது.

இங்கேயுள்ள சிமெண்ட், பெயிண்ட், பம்புசெட்டு, ஹார்டுவேர் வியாபாரிகளுக்கு ‘டீலர் டூர்’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது. வருஷத்துக்கு இத்தனை டன், இத்தனை பெட்டி என்று இலக்கைத் தாண்டினால் கம்பெனி செலவில் பாங்காக், பாலி, கொழும்பு. இந்தப் பயணத்தில் போகிறவர்களை ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. அதிகாலை அஞ்சு மணிக்குக் கடை திறந்து, வாழ்நாளில் முதன்முறையாக விமானம் ஏறுகிற மனிதர்கள் அவர்கள். ‘ஊரு சுத்தமா இருக்குதுங்க, சத்தமே இல்லீங்க’ என்று அவர்கள் சொல்வதில் கள்ளம் கிடையாது. அவர்களுக்குக் காட்டப்பட்டது அவ்வளவுதான். நான் கேட்பது வேறு. விற்ற மூட்டைக்குப் பரிசாகத் தீவைக் கொடுக்க முடிகிறதென்றால், தீவு ஏற்கனவே ஒரு மூட்டையாகக் கட்டப்பட்டுவிட்டது என்றுதானே பொருள்? ‘மூன்று இரவு, நான்கு பகல், உணவும் தங்குமிடமும் அடக்கம்’ என்கிற வாசகத்தில் ஒரு தேசம் பண்டமாகி விலைச்சீட்டோடு நிற்கிறது.

மதுக்கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், சிறுவாணி ரோட்டுப் பக்கம் பூலுவப்பட்டி. அங்கே ஒரு முகாம். ஆழியாறிலும் ஒன்று, ஈரோட்டுப் பக்கம் பவானிசாகரில் பெரிய முகாம். தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். அதாவது நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த மாவட்டங்களிலிருந்து போனவர்களின் வாரிசுகள். 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்கிற பெயரை மாற்றி ‘மறுவாழ்வு முகாம்’ என்று அரசு அறிவித்தது. நல்லது, சொல்லும் முக்கியம்தான். ஆனால் 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுடைய நாட்டின் பெயர் இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, பெயிண்ட் அடிக்கப் போகிற இளைஞன் இந்தச் சட்டத்தின் கண்ணில் அந்நியன். அவன் அடித்த பெயிண்டை விற்றவர் கொழும்பு போய் வருகிறார். அவனுக்கு அந்த ஊரில் பாட்டி இருக்கலாம், அம்மாவின் காணி இருக்கலாம். அவன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற வேண்டுமென்றால் பயண ஆவணம் வேண்டும், வெளியேறும் அனுமதி வேண்டும். போனால் திரும்பி வர முடியுமா என்பதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

ஆண்டிகுவா தீவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்ட் 1988இல் ‘எ ஸ்மால் பிளேஸ்’ என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். சுற்றுலாப் பயணியை முன்னால் நிறுத்தி ‘நீ’ என்று பேசுகிற புத்தகம். எல்லா ஊர்க்காரனுக்கும் தன் ஊரை விட்டுக் கொஞ்ச நாள் போய்வர ஆசைதான், பெரும்பாலானவர்களுக்குக் காசில்லை, அதனால் தங்களைப் பார்க்க வருகிற உன்மேல் பொறாமைப்படுகிறார்கள் என்று அதில் ஒரு வாதம் வரும். பூலுவப்பட்டிக்காரனுக்குக் காசில்லாதது இரண்டாவது பிரச்சினை. அவனுக்குச் சொந்த வீட்டுக்குப் போவதே வெளிநாட்டுப் பயணம். அந்தப் பயணத்துக்கும் அவனிடம் காகிதம் இல்லை. சுற்றுலாப் பயணி என்பவர் திரும்பி வர ஒரு ஊர் உள்ளவர். அகதியோடு ஒப்பிட்டால்தான் அந்த வரையறை புரிகிறது.

6

கடைசியாக நம்மைப் பற்றி. ‘நாம்’ என்று எழுத்தாளர்களையும் தோழர்களையும்தான் சொல்கிறேன்.

2009க்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து ஈழத்துக்குப் போய்வந்தவர்கள் எழுதிய பயணக் கட்டுரைகள் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. அவற்றின் அமைப்பு கிட்டத்தட்ட மாறுவதில்லை. யாழ்ப்பாண நூலகத்தின் முன்னால் ஒரு பெருமூச்சு. ஒடியல் கூழ். ‘அண்ணா’ என்று பாசமாகக் கூப்பிடுகிற ஒரு பிள்ளை. முள்ளிவாய்க்கால் மணலில் ஒரு நிமிஷ மௌனம். கொழும்பு வழியாகத் திரும்புதல். எழுதியவர்களின் துக்கத்தைச் சந்தேகிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் பிரதிகளில் உயிரோடு இருக்கிற ஆளுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? கடன் கட்டமுடியாமல் தவிக்கிற பெண், காணி வழக்குக்கு அலைகிற கிழவர், வலை கிழிந்துபோன மீனவர், நம் சினிமாவைப் பார்த்துச் சலித்துக்கொள்கிற பையன் இவர்களெல்லாம் எங்கே? மலையகம் எங்கே? விடுதிச் சுற்றுலாவுக்கு ஆளில்லாத கடற்கரை வேண்டியிருக்கிறது. நம்முடைய துயரச் சுற்றுலாவுக்குப் பிணங்கள் மட்டுமே உள்ள கடற்கரை வேண்டியிருக்கிறது. இரண்டிலும் உயிருள்ள ஆள் இடைஞ்சல்தான். அவர் நம்முடைய கவிதைக்கு ஒத்துழைக்காமல் தன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

‘போகாதே’ என்று சொல்கிறவர்களும் உண்டு. 2010இல் கொழும்பில் நடந்த இந்தி சினிமா விருது விழாவைத் தமிழ்த் திரையுலகம் புறக்கணித்தது. அந்த நேரத்தில் அது தேவையான காரியம்தான். ஆனால் எல்லாக் காலத்துக்கும் புறக்கணிப்பை ஒரு கொள்கையாக வைத்துக்கொண்டால், கப்பல் ஓடாமல் இருப்பதால் யாருக்கு நஷ்டம் என்று பார்க்க வேண்டும். பெரிய விடுதிக்காரர்களுக்கு விமானம் இருக்கிறது. அறுபது கிலோ சுமையோடு போய் நாலு காசு பார்க்கிற சில்லறை வியாபாரிக்கும், அக்கா கல்யாணத்துக்குப் போகிறவளுக்கும்தான் கப்பல் வேண்டும். ஆகவே கப்பல் ஓடட்டும். மழைக்காலத்தில் நின்றாலும் மறுபடி ஓடட்டும். அதில் யார் ஏற முடியும் என்பதை மட்டும் கேள்வியாக்குவோம். முகாமில் இருப்பவருக்குப் போய்வரும் உரிமை, திரும்பிப்போகிறவர் மேல் வழக்குப் போடமாட்டோம் என்கிற உத்தரவாதம், இங்கேயே இருக்க விரும்புகிறவருக்குக் குடியுரிமை. இந்த மூன்றும் இல்லாமல் ‘கலாச்சார உறவு’ என்று பேசுவது வெறும் கோயில் மணிச் சத்தம்.

மணிமேகலை என்கிற சாட்சி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் பூம்புகாருக்குத் திரும்பி வந்து, அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். சிறையைக் காட்சிசாலையாகவும் பாதுகாப்பு வலயத்தை விடுதியாகவும் ஆக்கிய காலத்தில் அந்தக் காதையைத் திரும்பப் படிக்க வேண்டும். பிறகுதான் மூன்றாவது பயணம். சாவகத்து அரசன் புண்ணியராசன் கப்பலில் மணிபல்லவம் வருகிறான். அவன் போன பிறவியில் ஆபுத்திரன். தீவதிலகை அவனிடம் பழைய உடம்பு கிடக்கிற இடத்தைச் சொல்கிறாள். மணலை விலக்கிப் பார்க்கிறான், எலும்புக்கூடு. அவனைத் தேடி வந்து, தாங்களும் உண்ணாமல் உயிர்விட்ட வணிகர்களின் எலும்புகளும் அங்கே இருக்கின்றன. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மண்ணை விலக்கியபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன, குழந்தைகளுடையதும் உண்டு. யாழ்ப்பாண நகரத்துக்குள் நுழைகிற சாலையோரம் அது.

எலும்பைப் பார்த்துக் கலங்கி நிற்கிற அரசனுக்கு அந்தத் தீவிலேயே மணிமேகலை அறம் சொல்கிறாள். எல்லா உயிருக்கும் உணவு, உடை, தங்க இடம் கொடுப்பதைத் தவிர அறத்துக்கு வேறு இலக்கணம் அவள் வைக்கவில்லை. எலும்புக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருக்க அவள் அவனை விடவில்லை, உயிரோடு இருப்பவர்களிடம் திருப்பி அனுப்புகிறாள். உணவும் தங்குமிடமும் அங்கே எல்லோருக்கும் உரியவை. நம் துண்டறிக்கையில் அவையே கட்டணத்தில் அடக்கம்.

அடுத்த தடவை நாகப்பட்டினத்தில் யாராவது மேடை போட்டு மணிமேகலையைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், அவளைக் குறுக்கு விசாரணை செய்ய பூலுவப்பட்டியிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் ஆட்கள் போக வேண்டும். கூட்டிப்போகிற பொறுப்பு நம்முடையது.